காற்றுப் பம்பு எந்தப் பக்கம்

எண்ண முடிந்ததை முதலில் எண்ணினோம்.
பெட்டிகள் பதினேழு.
பதினெட்டாவதைப் படத்தின் விளிம்பு பாதியில் வெட்டிவிட்டது.
சுவரெல்லாம் மரப்பலகை.
ஒவ்வொரு பெட்டியின் வயிற்றுக்கடியிலும்
இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள்,
பாரத்தில் தொய்யும் முதுகுக்கு முட்டு.

ஓரெஸ்ட் டானில்சுக்
மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே பூதக்கண்ணாடியை வைக்கிறார்.
சஸ்காட்சுவன் கோதுமை ரயில்களில் இருபத்தாறு வருடம் பிரேக்மேன்.
இடக்கையில் விரல் மூன்று.
"கம்பி வைத்த பெட்டி. என்னைவிடக் கிழம்" என்கிறார்.
"எஞ்சின் நெற்றியில் ரெண்டு வெள்ளைக் கொடி பார்.
கால அட்டவணையில் இல்லாத வண்டி.
அறுவடை மிஞ்சினால் இப்படி ஒன்று விடுவார்கள்."

தந்திக் கம்பத்தில் குறுக்குக் கட்டை இரண்டு.
நான்கானது பிறகுதான், எனக்கே நினைவிருக்கிறது.
நிழல்கள் இடப்பக்கம் நீள்கின்றன.
அப்படியானால் காலை.
வண்டி வலப்பக்கம் ஓடுகிறது.
அப்படியானால் கிழக்கே,
கெஸ்லர் நிலையத்துக்குள் வருகிறது.
தானியக் கோபுரத்தைக் கேட்கலாமென்றால்
அது எரிந்து நாற்பது வருடம்.

எண்கள்தான் இல்லை.
எஞ்சினிலும் இல்லை, பெட்டிகளிலும் இல்லை.
எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம்
கறுப்பாய், பொடிப்பொடியாய்க் கீறல்.
கண்ணாடித் தகடு பழசானால் அப்படித்தான், என்றேன்.

ஆறாவது பெட்டியின் கூரையில் ஓர் ஆள்.
முகம் கலங்கியிருக்கிறது, கை தூக்கியிருக்கிறது.
படத்தின் பின்னால் அம்மாவின் பென்சில்:
ஐவின் திரும்பிய நாள்.

என் அப்பாவின் பெயர் ஆர்ன்ட்.
மார்ச்சில் அம்மா போனாள்,
ஏப்ரலில் வீட்டை ஒழித்தோம்,
தையல் இயந்திரத்தின் இழுப்பறையில்
ஊசிப் பொட்டலங்களுக்கு அடியில் இருந்தது இது.
ஐவின் யாரென்று ஓரெஸ்ட் கேட்கவில்லை.
நானும் மாவட்ட அருங்காட்சியகத்துக்குத்தானே
எடுத்து வந்திருக்கிறேன், ஒரு சரக்கு ரயிலாக.

வெகு நேரம் கழித்து அவர் சொன்னார்:
"தோரா, இந்தப் பம்பு தப்பு."
எது?
"காற்றுப் பம்பு. பிரேக்குக்குக் காற்றடிப்பது.
அது ஃபயர்மேன் பக்கம் இருக்கும். இடப்பக்கம்.
நான் ஏறிய எஞ்சின் எல்லாவற்றிலும் இடப்பக்கம்.
இங்கே வலப்பக்கத்தில் தொங்குகிறது."

பிளாட்பாரத்தில் நிற்கும் குமாஸ்தாவின் கோட்டைப் பார்த்தேன்.
பெண்பிள்ளைக் கோட்டு போலப் பொத்தான்
மறுபக்கம் மாட்டியிருக்கிறது.

நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.
புரட்டினால் எழுத்து காட்டிக் கொடுக்கும்.
அதனால் எழுத்தை
ஒவ்வொன்றாக, பிளேடு முனையால்,
பதினேழு பெட்டியிலும்.

கல்யாணத்துக்கு முன் அம்மா
லிண்ட்க்விஸ்ட் ஸ்டுடியோவின் இருட்டறையில் நான்கு வருடம்.
மணப்பெண்களின் அம்மைத் தழும்பைச் சுரண்டி எடுக்க
ஊரில் அவளைவிடக் கை கிடையாது என்பார்கள்.
இடம் வலம் தெரியாதவள் அல்ல.

ஜன்னலுக்கு நேரே பிடித்தேன், முதுகுப்புறம் என்னைப் பார்க்க.
மெல்லிய தாள்தான், வெளிச்சம் ஊடுருவியது.
பம்பு இடப்பக்கம் வந்தது.
கோட்டு சரியாயிற்று.
காலை, சாயங்காலம் ஆனது.
வண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது,
கூரைமேல் நின்றவன் வலக்கையைத் தூக்கியபடி.
அதன் குறுக்கே, சாய்ந்த கையெழுத்தில்,
தெளிவாகப் படிக்கிற மாதிரி:
ஐவின் திரும்பிய நாள்.

அருங்காட்சியகப் பதிவேட்டில் கட்டங்கள் நிறைய.
ஆண்டு: தெரியவில்லை, முப்பதுக்குப் பக்கம்.
எஞ்சின் எண்: தெரியவில்லை.
நபர்கள்: குமாஸ்தா ஒருவர், கூரைமேல் ஒருவர்.
திசை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கிழக்கு, என்று எழுதினேன்.

ஓரெஸ்ட் அதைப் படித்தார்.
என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்
குறிப்புகள் பகுதியில், மூன்று விரலால் தாளை அழுத்திக்கொண்டு,
பம்பு வலப்பக்கம், என்று மட்டும் சேர்த்தார்.
அப்புறம் காப்பி ஆறிப்போச்சு என்றார்.